ஆள்காட்டி முட்டையும் அமாவாசைச் சோறும்

படகுத்துறையில் ஒரு முட்டை குறைந்திருப்பதைப் பார்த்த அன்றே எனக்கு மூன்று பேர் மேல் சந்தேகம் விழுந்தது. மூவரும் எனக்குப் பழக்கமானவர்கள். மூவரும் என்னைப் பார்த்தால் சிரிப்பவர்கள். சிரிக்கிறார்கள் என்பதற்காகச் சந்தேகத்தைக் கைவிட முடியாது. ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தின் தணிக்கைப் பிரிவிலேயே உத்தியோகம் முழுவதையும் கழித்தவன் நான். கோப்புகளை எடுத்துக்கொண்டு வந்து சிரித்தவர்களைத்தான் அங்கே முதலில் கவனிப்போம்.

காணாமல் போனது ஆள்காட்டிக் குருவியின் முட்டை. அது இருந்த இடம் மும்பையைத் தாண்டி, வாஷிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், மீனவர் குடியிருப்பை ஒட்டிய உப்பங்கழிக் கரை. அங்கே தண்ணீருக்குள் இறங்கும் ஒரு சிமென்ட் சரிவும், கட்டிப்போட்ட பதினோரு படகுகளும், கார்கள் நிறுத்தச் சரளைக்கல் கொட்டிய ஒரு மைதானமும் இருக்கின்றன. பூநாரைகள் வந்திருக்கும் மாதங்களில் ஜனங்கள் தொப்பியும் கேமராவுமாக வந்து படகேறி அவற்றைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் படகேறுவதில்லை. செம்பூரில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்து, வாஷியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் துறைக்கு வந்து, கரையிலிருந்தே எண்ணுவேன்.

பூநாரையை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்து எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அகலத்தைப் பத்து முறை தள்ளித் தள்ளி வைத்தால் நூறு. பிறகு நூறை வைத்து ஆயிரம். பைனாகுலரை இறக்காமல் செய்ய வேண்டும். நடுவில் யாராவது பேசினால் போயிற்று. படகுக்காரர் ஒவ்வொரு முறையும் பேசுவார். "க்யா அண்ணா, ஆஜ் கித்னா?" என்று. இன்றைக்கு எத்தனை என்று அவருக்கு என்ன கவலை? படகில் ஏறுகிறவர்களிடம் சொல்வதற்காகக் கேட்கிறார் என்றுதான் நினைக்கிறேன். நான் மூவாயிரம் என்றால் அவர் அங்கே பத்தாயிரம் என்பார்.

ஆள்காட்டி விஷயம் வேறு. அது கூடு கட்டாது. சரளைக்கல் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம் பறித்து, நான்கு முட்டை இடும். கூர்முனைகள் நடுவில் சேர்ந்திருக்கும். கல்லின் நிறம், கல்லின் புள்ளிகள். ஓர் அடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. இரண்டு வருஷங்களாக அதே மைதானத்தில் இட்டது. முதல் வருஷம் ஒரு காரின் சக்கரம் ஏறியது. அடுத்த வருஷம் நான்கும் ஒன்றாகக் காணாமல் போயின. யார் எடுத்தது என்று கடைசி வரை தெரியவில்லை. இந்த வருஷம் ஏப்ரலில் மறுபடி இட்டது. கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய படகின் ஓரம்.

எனக்கு எழுபத்தாறு ஆகிறது. முழங்கால் இரண்டும் ரயில் படியைப் பார்த்ததும் தகராறு செய்கின்றன. அடுத்த வருஷம் முதல் வாஷிக்கெல்லாம் போக வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டான். ஆள்காட்டிக் குஞ்சை நான் இதுவரை பார்த்ததில்லை. ஓட்டை உடைத்து வெளியே வந்த சற்று நேரத்துக்கெல்லாம் எழுந்து ஓடுமாம். நான்கு வேண்டாம், ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

முட்டைகளைச் சுற்றிப் பெரிய கற்களை வட்டமாக வைக்கலாமா என்று யோசித்தேன். வைத்தால் கார் வராது. ஆனால் மனிதன் பார்ப்பான். வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று குனிவான். ஆகவே ஒரு பக்கம் மட்டும், யாரோ எதற்கோ போட்டது போல, நான்கு கற்களை ஒழுங்கில்லாமல் வைத்தேன். அதற்கே தாய்க்குருவியும் தந்தைக்குருவியும் என் தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்து பாய்ந்து வந்தன. அந்தத் துறையில் அவற்றுக்கு என் மேல்தான் சந்தேகம் அதிகம்.

அந்த மாத அமாவாசைக்கு மறுநாள் போய்ப் பார்த்தேன். மூன்று முட்டைதான் இருந்தது.

முதல் சந்தேகம் படகுக்காரர் மேல். அந்த மைதானத்தில் ஆள்காட்டி கத்துவது அவருக்குப் பிடிக்காது. வருகிறவர்கள் காரைவிட்டு இறங்கவே பயப்படுகிறார்கள் என்று ஒருமுறை என்னிடம் குறைப்பட்டிருக்கிறார். இரண்டாவது, குழாயைப் போல நீண்ட லென்ஸ் வைத்துக்கொண்டு வரும் போட்டோக்காரர். அவர் சரளைக்கல்லில் மார்பைப் பதித்துப் படுத்து ஊர்ந்துபோய்ப் படம் எடுப்பார். நல்ல படத்துக்காக முட்டையை நகர்த்தியிருக்கலாம். மூன்றாவது ஆள் துறையின் வாசலில் சைக்கிளை நிறுத்தி, மேலே தார்ப்பாய் கட்டி, டீயும் பிரெட் ஆம்லெட்டும் விற்பவர். தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரர். கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்துவிட்டார். யாராக இருந்தாலும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய குப்பைக்கூடையில் முட்டை ஓடுகள் கிடந்தன. டீ குடிக்கிற சாக்கில் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. குடை நுனியால் கொஞ்சம் கிளறினேன்.

"என்ன அண்ணாச்சி, குப்பைக்குள்ள என்னத்தத் தேடுதிய?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மாத்தான்."

"சும்மா யாராச்சும் குப்பையக் கிண்டுவாவளா? அந்தக் குருவி முட்டையா? படகுக்காரன் சொன்னான், ஒண்ணக் காணோம்னு பெரியவரு மொறச்சிக்கிட்டுத் திரியுதாருன்னு."

"காணோம்னா யாராவது எடுத்திருக்கணுமே."

"நான் எடுத்தேன்னு வச்சிக்கிடுங்க. அந்த ஒத்த முட்டைய வச்சு நான் என்ன செய்ய? ஒரு ஆளுக்கு ஒரு வாய்க்குக் காணுமா? இந்தா பாருங்க, எங்கிட்ட தட்டு தட்டா இருக்கு. வேணும்னா ஒண்ணு எடுத்துட்டுப் போய் அங்க வைங்க. அது அடைகாத்துட்டுப் போவுது."

நின்றிருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் டீயைக் குடித்து முடிக்கும் வரை அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. கழியோரச் சதுப்புக் காட்டில் நரிகள் இருக்கின்றன. ஓதம் வடிந்து கடல் தண்ணீர் இறங்கிய காலை நேரத்தில், மீன் குடலும் தலையும் வீசுகிற இடத்தில் நானே ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நாய் என்று நினைத்து யாரோ பிஸ்கட் போட்டார்கள். அதுவும் நாய் மாதிரியே தின்றுவிட்டுப் போயிற்று. ஆனால் நரியாக இருந்தால் ஒரு முட்டையை மட்டும் தின்றுவிட்டு மற்ற மூன்றைத் தொடாமல் போகாது. கீரியும் அப்படித்தான். எடுத்தவர்கள் அவசரத்தில் எடுத்திருக்க வேண்டும், அல்லது எடுக்கும்போது யாரோ குறுக்கே வந்திருக்க வேண்டும். மிருகத்துக்கு அவ்வளவு அவசரம் எதற்கு? மறுபடியும் நான் மனிதர்கள் பக்கமே திரும்பினேன்.

எது எப்படியானாலும் பார்த்துவிடுவது என்று, ஒரு சனிக்கிழமை காலை சீக்கிரமே போய், கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு படகுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன். தரையில் நின்றால் ஆள்காட்டி கத்தும். படகுக்குள் உட்கார்ந்தால் கத்தாது; அதன் கணக்கில் படகு மனிதன் இல்லை. படகுக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே போனார். டீக்காரர் அங்கிருந்தே, "அண்ணாச்சி, டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கத்தினார்.

தாய்க்குருவி முட்டையின் மேல் இருந்தது. தந்தை பத்தடி தள்ளி ஒற்றைக்காலில் நின்றது. படகுகளின் கொடிக்கம்பங்களிலும் வலைக் கொட்டகையின் கூரையிலும் காக்கைகள். பத்தொன்பது. அவற்றை எண்ணினேனே தவிர, அவற்றின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. மும்பையில் காக்கை இல்லாத இடம் எது? எப்போதும் கூடவே இருக்கிறவர்களைச் சந்தேகிக்கத் தோன்றுவதில்லை.

ஒன்பது மணிவாக்கில் இரண்டு ஆட்டோக்கள் வந்து நின்றன. மூன்று பெண்களும் ஒரு வழுக்கைத்தலை ஆணும் இறங்கினார்கள். அந்த ஆள் எங்கள் கட்டடத்தின் செயலாளர். பெண்களில் ஒருவர் ஒன்பதாவது மாடி மாமி. ஆளுக்கொரு பொட்டலம். வாழையிலையைப் பிரித்தார்கள். கறுப்பாக எள்ளுச்சாதம். சனிக்கிழமை அல்லவா, சனீஸ்வரனுடைய வாகனத்துக்கு. சரளைக்கல் மேல் வரிசையாக வைத்துவிட்டு, நால்வரும் கழுத்தை நிமிர்த்தி, "கா… கா… கா…" என்று கூப்பிட்டார்கள்.

காக்கைகள் வந்தன. பத்தொன்பது நாற்பதாகி, அதற்கு மேல் என்னால் பிடிக்க முடியவில்லை. இவ்வளவு பேர் மைதானத்தில் நடப்பதைப் பார்த்து ஆள்காட்டிகள் இரண்டும் கத்திக்கொண்டு எழும்பி மனிதர்களைத் துரத்தப் போயின. அந்த நேரத்தில் சாதத்தில் இடம் கிடைக்காத ஒரு காக்கை, வேறு வீட்டுக்கு வந்தவன் மாதிரி பக்கவாட்டில் நடந்து நடந்து, பழைய படகின் ஓரம் வந்தது. தலையைச் சாய்த்தது. ஒரு குத்து. ஓட்டோடு தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் பறந்துவிட்டது.

நான் படகிலிருந்து குதித்தேன் என்று சொல்ல ஆசை. இறங்கினேன். இறங்கிக் குடையை விரித்துச் சுழற்றிக்கொண்டு, "போ, போ! எல்லாரும் போங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். காக்கைகள் எழும்பின. செயலாளர் பயந்துபோய் ஆட்டோவுக்குள் ஏறிவிட்டார்.

"என்ன மாமா, நீங்க இங்க என்ன பண்றேள்? படகுக்குள்ளேர்ந்து வரேளே!" என்றார் ஒன்பதாவது மாடி மாமி.

"நீங்க என்ன பண்றேள்? அதைச் சொல்லுங்கோ முதல்ல."

"காக்காய்க்குச் சாதம் வெக்கறோம். போன அமாவாசைக்கு நீங்க ரெண்டு பேரும் கிளம்பினப்புறம் வந்தோம். எல்லாருக்கும் சௌகரியமா இருந்தது, சனிக்கிழமையும் வரலாம்னு வந்தோம். உங்காத்து மாமிதானே இடத்தைச் சொன்னா?"

இதைப் புரியவைக்க எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். செம்பூரில் நாங்கள் இருந்த கட்டடம் மூன்று மாடி. சமையலறை ஜன்னலில் என் மனைவி தினமும் சாதம் வைப்பாள். காக்கை வந்து எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். அந்தக் கட்டடத்தை இடித்து இருபத்திரண்டு மாடி கட்டிக் கொடுத்தார்கள். எங்களுக்குப் பதினேழாவது மாடி. புறாத் தொல்லைக்காக எல்லா ஜன்னலுக்கும் வலை. வலை இல்லாவிட்டாலும் அந்த உயரத்துக்குக் காக்கை வராது. மற்ற நாட்களை எப்படியோ சமாளித்தாள். அமாவாசையன்றுதான் கஷ்டம். தர்ப்பணம் முடிந்து, என் அப்பா அம்மாவுக்கு என்று வைத்த சாதத்தைக் காக்கை தொடாமல் அவள் சாப்பிட மாட்டாள். சர்க்கரை வியாதிக்காரி. புது வீட்டின் முதல் அமாவாசையில் சாயங்காலம் வரை பட்டினியாக இருந்து மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகுதான் படகுத்துறையில் காக்கை ஏராளம் என்று நான் சொன்னேன். மாதம் ஒருமுறை இலைப் பொட்டலத்தோடு என்னுடன் வர ஆரம்பித்தாள். அவள் வைப்பது துறை வாசலில், டீக்கடைக்குப் பக்கத்தில். ஒரு பிடி சாதம், ஐந்தாறு காக்கை. அதை நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் கேட்டேன்.

"கட்டடம் பூரா சொல்லிட்டியா?"

"சொன்னேன். அவாளுக்கும் அப்பா அம்மா போயாச்சு, அவா ஜன்னல்லயும் வலைதான். கேட்டா, சொன்னேன். ஏன், அங்க இருக்கற காக்கா எல்லாம் உங்க பேர்ல எழுதி வெச்சிருக்கா?"

"காக்கா முட்டையைத் தூக்கிண்டு போறதுடீ. ரெண்டுதான் பாக்கி."

"வயிறு ரொம்பினா அது எதுக்கு முட்டையைத் தொடறது? சாதம் போறாமத்தான் தொட்டிருக்கும்."

"நீங்கள்ளாம் கூப்பிட்டதனாலதான் அத்தனை காக்கா வந்தது."

"அப்போ என்ன பண்ணணும்? அடுத்த அமாவாசைக்கு உங்க அப்பாவும் அம்மாவும் பட்டினி கிடக்கட்டும், குருவிக்குக் குஞ்சு பொரியட்டும். அதானே?"

காக்கையின் வழியாக அப்பா வந்து சாப்பிடுகிறார் என்று நான் நம்புகிறேனா என்று யாராவது கேட்டால், நம்பவில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் தர்ப்பணத்தை ஒரு தடவையும் விட்டதில்லை. அவள் பட்டினி கிடப்பதையும் பார்க்க முடியாது. முட்டை பொரிகிற காலத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருநாள் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அடுத்த அமாவாசையை ஒட்டித்தான் வருகிறது.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு மாதிரியாக இருந்தது. என்னைக் கண்டால் அவள் டெலிபோனில் குரலைத் தாழ்த்தினாள். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி போய்க் கதவோரம் நின்றேன். "எல்லாரும் வந்துடுங்கோ… பத்து மணிக்குத் தண்ணி வந்துடும்… மாமாகிட்ட மூச்சு விடாதீங்கோ" என்பது மட்டும் காதில் விழுந்தது. கட்டடத்தையே திரட்டிக்கொண்டு வரப்போகிறாள் என்று நிச்சயமாகிவிட்டது. தண்ணீர் பத்து மணிக்கு என்பதை மட்டும் எதிலும் பொருத்திப் பார்க்க முடியவில்லை. எங்கள் கட்டடத்தில் நாள் முழுவதும் தண்ணீர் வரும்.

நேராகக் கேட்டேன். "அமாவாசைக்கு என்ன ஏற்பாடு?"

"ஒரு ஏற்பாடும் இல்லை. வழக்கம் போலத்தான்."

நாற்பத்தெட்டு வருஷமாக எதையும் மறைக்கத் தெரியாதவள். மறைக்கும்போது புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரி செய்வாள். அன்றைக்கும் செய்தாள்.

அமாவாசை அன்று தர்ப்பணத்தை விடியற்காலையிலேயே முடித்துவிட்டேன். அவளும் சமையலை முடித்துவிட்டாள். சாதம் வாழையிலையில், எங்களுக்குத் தயிர்சாதம் டப்பாவில். மான்குர்த் தாண்டி ரயில் பாலத்தின் மேல் போகும்போது எல்லோரும் செய்வது போல ஒருவர் பழைய பூஜைப் பூவைப் பையோடு தண்ணீரில் எறிந்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

துறையில் எங்களுக்கு முன்பே கட்டடத்து ஜனங்கள் வந்திருந்தார்கள். பதினாறு பேர். செயலாளர் என்னைப் பார்த்ததும் என் குடையைப் பார்த்தார். காக்கைகள் கொட்டகைக் கூரையில், கொடிக்கம்பங்களில், டீக்காரரின் சைக்கிள் ஹாண்டில்பாரில் எல்லாம் உட்கார்ந்திருந்தன. முப்பத்திரண்டு வரை எண்ணினேன். பைனாகுலரை எடுத்து முட்டையைப் பார்த்தேன். தாய் எழுந்து நின்று குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு முட்டைகளில் ஒன்றின் மேல் விரிசல். விரிசலின் நடுவில் ஒரு துளை. துளைக்குள் ஏதோ அசைந்தது.

"வேண்டாம்," என்றேன் அவளிடம். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "இன்னிக்கு ஒருநாள் வேண்டாம். பொரிஞ்சிண்டிருக்கு."

"தெரியும். நீங்க இங்கேயே நில்லுங்கோ," என்று சொல்லிவிட்டு அவள் சிமென்ட் சரிவில் இறங்கினாள். பின்னாலேயே பதினாறு பேரும் இலைப் பொட்டலங்களோடு இறங்கினார்கள். கீழே ஓதம் ஏறி இரண்டு படகுகள் மிதந்தன. படகுக்காரர் ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற்றினார். அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது.

"எங்க போறே?"

"நடுக்கழிக்கு. அங்க போய் வெக்கறோம். காக்காயெல்லாம் பின்னாலேயே வரும்னு அவர் சொல்றார். மீன் படகுக்கு வரதாமே!"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா லைஃப் ஜாக்கெட் எத்தனைன்னு எண்ணிண்டு நிப்பேள். ஓட்டை இருக்கான்னு படகைத் தட்டிப் பார்ப்பேள். ஓதம் வடிஞ்சுடும்."

உண்மையில் அப்போது நான் லைஃப் ஜாக்கெட்டைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு இருந்தது. அதைச் சொல்வதற்குள் இன்ஜின் சத்தம் எழுந்துவிட்டது.

"பூநாரை காட்டுத படகுல காக்காவக் கூட்டிட்டுப் போறானுவ!" என்று டீக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். "அண்ணாச்சி, உங்க ஆளுவளாலதான் இப்படியெல்லாம் முடியும்."

படகுகள் கரையை விட்டு நகர்ந்ததும் எல்லோரும் சேர்ந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். தண்ணீரின் மேல் "கா… கா…" என்ற குரல்கள் நீளமாகப் போயின. முதலில் இரண்டு காக்கைகள் கிளம்பின. பிறகு கொட்டகைக் கூரை மொத்தமாகக் காலியாயிற்று. வானத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்த பருந்துகளும் அந்தப் பக்கம் சாய்ந்தன. நான் மிச்சத்தை எண்ணினேன். ஐந்து. அவை போகவில்லை. கூட்டத்தோடு போகாமல் நிற்கும் காக்கை என்ன நினைத்துக்கொண்டு நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

குடையோடு முட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தாய் கத்திக்கொண்டு எழும்பிவிட்டது. மே மாத வெயில். நிழலும் சூடும் தாயின் வயிறுதான். அது விலகினால் சரளைக்கல் மேல் முட்டை வெந்துவிடும். நான் பக்கத்தில் நின்றால் வெயில் கொல்லும், தள்ளி நின்றால் காக்கை. பின்னால் நகர்ந்தேன். தாய் இறங்கவில்லை. இன்னும் நகர்ந்தேன். இறங்கியது, ஆனால் உட்காரவில்லை, என்னையே பார்த்தது. காக்கைகளில் ஒன்று தரைக்கு வந்தது. இரண்டடி முன்னே வந்தேன். காக்கை நின்றது, தாயும் எழும்பத் தயாராயிற்று. கடைசியில் ஒரு சிமென்ட் கட்டைக்குப் பக்கத்தில் ஓர் இடம் கிடைத்தது. அங்கே நின்றால் காக்கை வரவில்லை, தாயும் எழும்பவில்லை. இரண்டுக்கும் என்னைப் பிடிக்கவில்லை, ஆனால் பொறுத்துக்கொண்டன. காலை மாற்றி வைக்காமல் நின்றேன். முழங்கால் வலி முதுகுக்கு ஏறியது. போட்டோக்காரர் தொலைவிலிருந்து என்னையும் சேர்த்து ஏதோ படம் எடுத்தார். எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தாய் சட்டென்று எழுந்து, ஓட்டுத் துண்டு ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு பறந்து, தூரத்தில் போட்டுவிட்டு வந்தது. பைனாகுலரில் பார்த்தேன். ஈரத்தில் ஒட்டிய நூல் போல ஒன்று, தலையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, பக்கத்து முட்டையின் மேல் சாய்ந்து கிடந்தது. தாய் அதன் மேல் உட்கார்ந்து மூடிவிட்டது. எனக்குக் கண்ணாடி மங்கியது. துடைக்கக் கையை எடுத்தால் காக்கை வருமோ என்று துடைக்கவில்லை.

வெகுநேரம் கழித்துப் படகுகள் திரும்பி வந்தன. மனைவி சரிவில் ஏறி வரும்போது புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. முகம் பளிச்சென்று இருந்தது. மைதானத்தின் ஓரம், டீக்கடையின் நிழலுக்கு வந்து நின்றாள்.

"சாப்டுதா?" என்று அங்கிருந்தே கேட்டேன்.

"சாப்டுது."

"காக்காவா, பருந்தா?"

"கறுப்பா ஒண்ணு வந்து எடுத்துண்டு போச்சு."

"வால் எப்படி இருந்தது? நடுவுல கத்திரிச்சாப்பலயா, உருண்டையாவா?"

"ஏன்னா, உங்க அப்பா வந்து சாப்ட்டுட்டுப் போயிருக்கார். அவருக்கு வால் எப்படி இருந்ததுன்னு கேக்கறேளே!"

டீக்காரர் கெட்டிலை வைத்துவிட்டுச் சிரித்தார். அவள் தயிர்சாத டப்பாவைத் திறந்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள். காக்கை எடுக்காமல் அவள் சாப்பிட மாட்டாள். ஆகவே காக்கைதான் எடுத்திருக்க வேண்டும். அல்லது, நான் வெயிலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, பருந்து எடுத்ததையே போதும் என்று வைத்துக்கொண்டாளோ? அவள் புடவைத் தலைப்பைத் தொடுகிறாளா என்று பார்த்தேன். ஒரு கையில் டப்பா, ஒரு கையில் சாதம், எப்படித் தொடுவாள்?

அந்த ஒரு பேச்சில் முட்டையை மறந்துவிட்டேன். திரும்பினால் தாய் அங்கே இல்லை. பைனாகுலரில் ஒரு முட்டை மட்டும் தெரிந்தது. குஞ்சு இல்லை. கூரையில் காக்கைகள் திரும்பி வந்து நிரம்பிக்கொண்டிருந்தன. ஐந்தில் எது? முன்பே தரைக்கு வந்ததே, அதுவா? பள்ளத்தை நோக்கி வேகமாக நடந்தேன்.

"நகராதீங்கோ!"

அவள் போட்ட சத்தத்தில் செயலாளர் கையிலிருந்த டீயைக் கொட்டிக்கொண்டார்.

"அப்படியே நில்லுங்கோ. காலைத் தூக்காதீங்கோ. உங்களுக்கு முன்னால, ரெண்டு சாண் தள்ளி இருக்கு."

குனிந்து பார்த்தேன். கல். கல்லுக்குப் பக்கத்தில் கல். பெற்றோர் இரண்டும் என் தலையை உரசிக்கொண்டு பாய்ந்தன. தந்தையின் இறகு காதில் பட்டது.

"எங்கே? எனக்குத் தெரியலையே!"

"அவா கத்தறச்சே தரையோட படுத்துண்டுடறது. கத்தறதை நிறுத்தினா எழுந்திருக்கும். நீங்க சும்மா நின்னா அவா நிறுத்துவா."

நான் சும்மா நின்றேன். அவள் நிழலில் நின்றபடி ஒரு கவளம் சாப்பிடுவதும் ஒரு வார்த்தை சொல்லுவதுமாக இருந்தாள். இப்போ தலையைத் தூக்கறது. இப்போ நடக்கறது. விழுந்துடுத்து. எழுந்துடுத்து. உங்க செருப்புக்குக் கிட்டக்க வந்துடுத்து, மூச்சு விடாதீங்கோ. படகுக்காரரும் டீக்காரரும் அவளுக்குப் பின்னால் வந்து நின்று, எட்டி எட்டிப் பார்த்தார்கள். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகு என் இடது செருப்பின் ஓரத்தில் ஒரு கல் எழுந்து நின்றது. கழுத்தில் வெள்ளை வளையம், அதன் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீண்ட கால்கள். செருப்பின் வாரில் தடுக்கி, சுற்றிக்கொண்டு, தாய் கூப்பிடும் பக்கம், கரையோரப் புல்லை நோக்கி ஓடியது. நின்றது. ஓடியது. காக்கைகள் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்கும் கூரைக்கும் நடுவில் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, குஞ்சு நின்றபோது நின்று, ஓடியபோது ஓர் அடி வைத்து, நானும் போனேன். புல்லுக்குள் அது போனதும் தாய் சிறகைத் தாழ்த்தி அதை மூடியது. தந்தை மட்டும் என்னைத் துரத்துவதை விடவில்லை.

"மத்தது?" என்று மனைவி கேட்டாள்.

மற்ற முட்டை பள்ளத்தில் அப்படியே இருந்தது. விரிசல் இல்லை. அதைப் பார்க்க யாரும் இல்லை. தாய் குஞ்சோடு போய்விட்டது. இனி திரும்புமா என்று எனக்குத் தெரியாது. நான் முட்டைக்கும் புல்லுக்கும் நடுவில் குடையை விரித்து நின்றுகொண்டேன்.

"சாப்பிட வரேளா, இல்லையா?"

"நீ சாப்டு. எனக்கு மிச்சம் வை."

கட்டடத்து ஜனங்கள் ஆட்டோவுக்குப் போய்விட்டார்கள். அவள் போகவில்லை. டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு, டீக்காரரின் ஸ்டூலில் உட்கார்ந்து, கூரையில் இருந்த காக்கைகளை விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தாள்.